கழிவுநீரில் கலந்த எண்ணெயைத் திரட்டும் ரெசின் மணிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதற்காக மேற்பரப்பு மாற்றப்பட்ட ரெசின்களை, அதாவது சிறு பிளாஸ்டிக் மணிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பட்டறைக் கழிவுநீரில் உள்ள எண்ணெயை நீக்க ரெசின் நிரப்பிய தொட்டி ஒன்றை வாங்கச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர். வீட்டில் உப்புத் தண்ணீருக்குப் பொருத்தியிருக்கும் சாஃப்ட்னரிலும் ரெசின்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? மேற்பரப்பில் அப்படி என்ன மாற்றத்தைச் செய்கிறார்கள்?
(சிறுதொழில் உரிமையாளர், ஓசூர்)

பதில்: பெரும்பாலும் தொடக்கப் பொருள் ஒன்றுதான். ஸ்டைரீனையும் டைவினைல் பென்சீனையும் சேர்த்துப் பலபடியாக்கி, ஏறத்தாழ 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள மணிகளாக்கி, பிறகு கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்து சல்ஃபோனேட் தொகுதிகளை ஏற்றினால் சாஃப்ட்னரில் பயன்படும் ரெசின் கிடைக்கிறது. அந்தத் தொகுதிகள் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் சோடியம் அயனிகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. கடின நீர் வரும்போது சோடியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இத்தகைய மணி நீரை மிகவும் விரும்பக்கூடியது. ஈர மணியின் எடையில் ஏறக்குறைய பாதி நீர்தான். நீர்ப் படலத்தால் போர்த்தப்பட்ட அந்த மேற்பரப்பில் எண்ணெய்த் துளி ஒட்டாது. அதோடு, நீரில் சிதறிக் கிடக்கும் எண்ணெய்த் துளிகளும் பொதுவாக எதிர்மின் தன்மை உடையவை. ஆகவே மணியும் துளியும் ஒன்றையொன்று விலக்குகின்றன. சாஃப்ட்னர் ரெசினை அப்படியே கழிவுநீரில் போட்டால் எண்ணெய் நீங்காததற்கு இந்த இரண்டும் காரணங்கள்.

மாற்றம் இந்த இடத்தில்தான் செய்யப்படுகிறது. நேர்மின் தலையும் நீண்ட கார்பன் வாலும் கொண்ட ஒரு சேர்மத்தின் நீர்க்கரைசலில் ரெசினை ஊற வைக்கிறார்கள். பெரும்பாலும் அது 16 கார்பன் நீளமுள்ள வாலைக் கொண்ட செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் போன்ற நான்கிணைய அம்மோனியம் சேர்மமாக இருக்கும்; காயம் கழுவும் மருந்துகளில் செட்ரிமைடு என்ற பெயரில் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நேர்மின் தலை சோடியத்தை வெளியேற்றிவிட்டுச் சல்ஃபோனேட்டைப் பற்றிக்கொள்கிறது. வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் முடியின் எதிர்மின் தன்மையுள்ள மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதை வழவழப்பாக்குவதும் இதே வேதியியல்தான். பருமனான மூலக்கூறு என்பதால் அது மணியின் உள்ளே எளிதில் ஊடுருவுவதில்லை. புறத்தோலில் மட்டுமே படிகிறது. உள்ளே பழைய ரெசினாகவும் வெளியே எண்ணெயை விரும்பும் தோலாகவும் மணி மாறிவிடுகிறது.

இதே விளைவை வேறு வழியிலும் பெறுகிறார்கள். குளோரோமெத்தில் தொகுதி ஏற்றிய பாலிஸ்டைரீன் மணியோடு நீண்ட வால் கொண்ட மூவிணைய அமீனை வினைபுரியச் செய்தால், வால் மணியோடு சகப் பிணைப்பால் நிலையாக இணைந்துவிடும். விற்பனையாளரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். அயனிப் பிணைப்பு மட்டுமே உள்ள ரெசினிலிருந்து, உப்பு மிகுந்த நீரும், துணி துவைக்கும் தூள்களில் உள்ள எதிர்மின் சோப்புச் சேர்மங்களும், கரைப்பான்களும் அந்த வாலைச் சிறிது சிறிதாகக் கழற்றிக்கொண்டு போகக்கூடும். அப்போது ரெசின் தன் திறனை இழக்கும் என்பதோடு இன்னொரு தீங்கும் உண்டு. நான்கிணைய அம்மோனியம் சேர்மங்கள் கிருமிகளைக் கொல்லுபவை. கழன்று வரும் சேர்மம் அடுத்த கட்டத்தில் இருக்கும் காற்றூட்டத் தொட்டியின் பாக்டீரியாக்களையும், நீர் சென்று சேரும் குளத்தின் உயிரினங்களையும் தாக்கும். கழிவுநீரைத் தூய்மையாக்க வைத்த பொருளே நஞ்சைச் சேர்க்கும் நிலையை நாம் ஏற்கக் கூடாது. ஆகவே வெளியேறும் நீரில் அந்தச் சேர்மம் எவ்வளவு கழன்று வருகிறது என்ற சோதனை முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எண்ணெயை ரெசின் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் சில நாட்களில் நிரம்பிவிடாதா? நிரம்பிய ரெசினை எங்கே கொட்டுவது?
(ஆசிரியை, கரூர்)

பதில்: இந்த ரெசின் எண்ணெயை உறிஞ்சித் தேக்கி வைப்பதற்கானது அன்று, துளிகளைத் திரட்டிக் கொடுப்பதற்கானது. நீரோடு வரும் நுண்துளி மணியின் தோலில் ஒட்டிப் படலமாகப் பரவுகிறது. பின்னால் வரும் துளிகள் அந்தப் படலத்தோடு சேர்ந்துகொள்கின்றன. படலம் தடித்து, மணிகளுக்கு இடையிலான இடைவெளிகளில் தொடராகத் தேங்கி, நீரோட்டத்தின் இழுவிசை ஒட்டுவிசையை மிஞ்சும்போது மில்லிமீட்டர் அளவுள்ள பெருந்துளிகளாகப் படுகையை விட்டு வெளியேறுகிறது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகள் 10 லட்சம் சேர்ந்தால்தான் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி உருவாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் படுகைக்குள் நடக்கும் வேலையின் அளவு புரியும். படுகை ஒரு குறிப்பிட்ட அளவு எண்ணெயைத் தாங்கிய பிறகு, உள்ளே வரும் எண்ணெயும் வெளியேறும் எண்ணெயும் சமநிலையை அடைகின்றன. எண்ணெயால் மட்டும் அது நிரம்பிப்போவதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு எழுகிறது. படுகையைத் தாண்டியதும் நீர் அமைதியாக நின்று, பெருந்துளிகள் மேலேறுவதற்கு இடம் வேண்டும்; மேலே திரளும் எண்ணெயை வடித்தெடுக்கத் தனிக் குழாய் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் ரெசின் தொட்டியின் வெளிவாயை நேராகச் சாக்கடையில் இணைத்துவிட்டால், நுண்துளியாக வந்த எண்ணெய் பெருந்துளியாகச் சாக்கடைக்குப் போகும். நீங்கிய எண்ணெய் எதுவும் இராது.

ரெசினைக் கெடுப்பவை வேறு: மண், துரு, இரும்புத்தூள், மெழுகு. இவை மணிகளுக்கிடையே அடைத்துக்கொண்டால் அழுத்த இழப்பு ஏறும். பேக்வாஷ் கொடுத்து, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தித் தளர்த்த வேண்டும். குளோரின் போன்ற ஆக்ஸிஜனேற்றிகள் பலபடியின் குறுக்குப் பிணைப்புகளையே அறுத்து மணியை மென்மையாக்கிவிடும். காலம் கடந்து பயனற்றுப்போன எண்ணெய்ப் பிசுக்கேறிய ரெசினைக் குப்பையில் போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அனுமதி பெற்ற மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: மணிகளுக்கு இடையிலான இடைவெளி எண்ணெய்த் துளியை விடப் பெரிதாக இருக்கும்போது துளி நழுவிப் போகாதா? அதை விடப் பெரிய தொட்டி கட்டி எண்ணெயை மிதக்கவிட்டு வழித்தெடுப்பது எளிதல்லவா?
(வேதிப் பொறியியல் மாணவி, சென்னை)

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டோக்ஸ் 1851இல் வகுத்த விதிப்படி, துளி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எண்ணெயின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 850 கிலோகிராம் என்று கொண்டு நீங்களே கணக்கிடலாம். 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் உயர ஏறத்தாழ 9 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 10 மைக்ரான் துளிக்கு அதே தூரத்துக்கு ஏறத்தாழ 34 மணி நேரம் ஆகும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வடிவமைப்பில் கட்டப்படும் பிரிப்புத் தொட்டிகள் 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டிருப்பது இதனால்தான். தொட்டியைப் பெரிதாக்கிப் பத்து மைக்ரான் துளியைப் பிடிக்க முயன்றால், தொழிற்சாலை நிலம் முழுவதும் தொட்டிக்கே போய்விடும். வெயிலால் ஏற்படும் வெப்ப ஓட்டமும் காற்றும் அந்த மெல்லிய ஏற்றத்தைக் கலைத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடைவெளிக்கு வருவோம். 0.6 மில்லிமீட்டர் மணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்போது அவற்றினூடே உள்ள மிகக் குறுகிய வாயே ஏறத்தாழ 90 மைக்ரான் இருக்கும். ஆகவே இது சலித்துப் பிடிப்பது இல்லை. துளி மணியைத் தொட வேண்டும். தொட்டால் ஒட்ட வேண்டும். தொடுவதற்கான வாய்ப்பைத் தருவது பரப்பளவு. அந்த மணிகளால் நிரம்பிய ஒரு கன மீட்டர் படுகையில், 40 விழுக்காடு வெற்றிடம் என்று கொண்டால், மணிகளின் புறப்பரப்பு மட்டும் 6,000 சதுர மீட்டர் வரும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். நீரோட்டம் மணியைச் சுற்றி வளையும்போது துளி அதன் ஓரத்தை உரசுகிறது; தன் மிதப்பால் ஓட்டக் கோட்டை விட்டு விலகி மேலுள்ள மணியில் மோதுகிறது; மிக நுண்ணிய துளியாக இருந்தால் பிரவுனிய அசைவால், அதாவது நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் அலைந்து மணியைச் சேர்கிறது. பெரிய துளிகளுக்கு முதல் இரண்டு வழிகளும், மிகச் சிறியவற்றுக்கு மூன்றாவதும் நன்றாகப் பயன்படுகின்றன. இடையில், ஏறத்தாழ 1 அல்லது 2 மைக்ரான் அளவில், எந்த வழியும் வலுவாக இல்லாததால் பிடிப்பு மிகக் குறைவு. தொட்ட துளி ஒட்டுவதற்குத்தான் மேற்பரப்பு மாற்றம். மேலே சொன்ன எதிர்மின் விலக்கலை அது தணித்து, நீர்ப் படலத்தையும் அகற்றிவிடுகிறது.

படிப்பில் அதிகம் சொல்லித்தராத ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். கழிவுநீரை வேகமாகச் சுழலும் மையவிலக்குப் பம்பு வழியாகத் தள்ளினால், பெரிய துளிகள் எல்லாம் நுண்துளிகளாக அடிபட்டு உடைந்துவிடும். பிரிப்புத் தொட்டிக்கு முன்னால் இயன்றவரை நீர் தானாகவே சரிவில் வந்து விழ வேண்டும். பம்பு தேவையானால் மெதுவாகச் சுழலும் திருகு வகைப் பம்பைப் பயன்படுத்த வேண்டும். பல இடங்களில் ரெசின் மேல் சுமத்தப்படும் குறை உண்மையில் பம்பின் குறையே.

கேள்வி: எங்களிடம் லேத்துகளும் சி.என்.சி. இயந்திரங்களும் இருக்கின்றன. பால் போல் வெள்ளையாக வெளியேறும் கூலன்ட் நீரை இந்த ரெசின் வழியாக விடலாமா?
(பொறியியல் உதிரிபாகத் தொழில் நடத்துபவர், கோயம்புத்தூர்)

பதில்: நேராக விடாதீர்கள், பணம் வீணாகும். கூலன்ட் (உலோகத்தை வெட்டும்போது குளிர்விக்கும் திரவம்) என்பது எண்ணெய் நீரிலிருந்து பிரியவே கூடாது என்பதற்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பால்மம். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் சோப்புத் தன்மையுள்ள சேர்மங்கள் வேலி கட்டியிருக்கின்றன. அந்தத் துளி ரெசின் மணியைத் தொட்டாலும் படலமாகப் பரவாது; போதாக்குறைக்கு, அந்தச் சேர்மங்களே மணியின் தோலில் படிந்து அதை மீண்டும் நீரை விரும்பும் மேற்பரப்பாக மாற்றிவிடும். முதலில் பால்மத்தை உடைக்க வேண்டும். அமிலம் சேர்த்தோ, படிகாரம் அல்லது பாலி அலுமினியம் குளோரைடு சேர்த்தோ வேலியைக் கலைத்தால் எண்ணெய் திரளும். அதைக் காற்றுக்குமிழ் மிதப்பு முறையில் மேலே கொண்டுவரலாம். அல்லது மிகை நுண் சவ்வு வடிகட்டலைப் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் சிதறிய துளிகளுக்கு ரெசின் படுகை கடைசிக் காவலாக இருக்கலாம்.

அதற்கும் முன்பே ஒன்றைச் செய்யுங்கள். கூலன்ட்டின் மேல் மிதக்கும் மசகெண்ணெயை இயந்திரத்தின் தொட்டியிலேயே பெல்ட் ஸ்கிம்மர் (எண்ணெயை வழித்தெடுக்கும் பட்டைக் கருவி) கொண்டு நாள்தோறும் எடுத்துவிட்டால், கூலன்ட்டின் ஆயுளும் நீளும், கழிவாக வெளியேறும் அளவும் குறையும். சுத்திகரிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் விடக் கழிவையே குறைப்பதற்குச் செலவிடும் ரூபாய் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. வாகனங்களுக்கு வாட்டர் வாஷ் செய்யும் நிலையங்கள் நடத்துவோரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஷாம்பு கலந்த நீரையும் டீசல், கிரீஸ் கழுவிய நீரையும் ஒரே குழியில் சேர்க்காமல் தனித்தனி வாய்க்காலில் விடுங்கள் என்பதே அவர்களுக்கும் பதில்.

கேள்வி: கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் எண்ணெய் கலந்த பில்ஜ் நீருக்கு 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு எண்ணெய்) என்ற வரம்பு இருக்கிறது. அங்கும் இதே முறைதானா?
(கப்பல் பொறியாளர், தூத்துக்குடி)

பதில்: திரட்டும் ஊடகம் என்ற கொள்கை அங்கும் உண்டு, அது ரெசின் மணியாகவும் இருக்கலாம், எண்ணெயை விரும்பும் இழைப் பொதியாகவும் இருக்கலாம். 2005ஆம் ஆண்டு முதல் பொருத்தப்படும் கருவிகளை, சோப்புச் சேர்மமும் இரும்பு ஆக்சைடுத் துகளும் கலந்த ஒரு பால்மத்தைக் கொண்டும் சோதிக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதித்திருக்கிறது. உண்மையான பில்ஜ் நீர் அப்படித்தான் இருக்கிறது என்பதால் அந்த விதி மிகவும் நியாயமானது. எஞ்சின் அறைத் தரையைக் கழுவும்போது எண்ணெயை நிலையாகப் பால்மமாக்கும் சோப்புகளைத் தவிர்த்தால் உங்கள் பிரிப்பான் பாதி வேலையை எளிதாக முடித்துவிடும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அள்ளினார்கள். அப்போது இந்த ரெசின் பயன்பட்டிருக்காதா?
(கல்லூரி மாணவர், திருவொற்றியூர்)

பதில்: அந்தக் காட்சிகள் என்னையும் வருத்தின. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் வலையும் படகும் கரியெண்ணெயில் தோய்ந்த மக்கள், தகுந்த காப்புறையும் முகக்கவசமும் இல்லாமல் அதை அள்ள நேர்ந்ததை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அந்த நிலையில் ரெசின் படுகை முதல் கருவி ஆகாது. அங்கே இருந்தது நீரின்மேல் தடித்துப் படர்ந்த எண்ணெய். தடுப்பு மிதவைகள், ஸ்கிம்மர்கள், எண்ணெய் ஈர்க்கும் விரிப்புகள் ஆகியவை உடனடியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். ரெசின் படுகைக்கு நீரைக் குழாய் வழியே அழுத்தத்துடன் செலுத்த வேண்டும். ஆகாயத்தாமரையும் சேறும் குப்பையும் கலந்த வெள்ளநீர் அதைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். வெயிலிலும் அலையிலும் நாட்பட்ட எண்ணெய் நீரைத் தன்னுள் வாங்கிக் கூழாகிவிட்டால் மணிகளுக்குள் ஓடவே ஓடாது. ஸ்கிம்மர் அள்ளிவரும் கலவையில் நீரும் மிகுதியாக இருக்கும்; அதைக் கரையில் தொட்டிகளில் தெளியவைத்த பிறகு, அந்த நீரை மீண்டும் கழிமுகத்தில் விடுவதற்கு முன்பு ரெசின் படுகையில் செலுத்தினால் அது பொருத்தமான பயன்.

கேள்வி: கரி வடிகட்டி மலிவாகக் கிடைக்கும்போது ரெசின் எதற்கு?
(வாசகர், ஈரோடு)

பதில்: செயலூட்டிய கரியின் நுண்துளைகளின் வாயை எண்ணெய்த் துளிகள் பூசி மூடிவிடும்; உள்ளே இருக்கும் பெரும்பரப்பு பயன்படாமலே போகும். கரியை எண்ணெய்க்கு முன்னால் நிறுத்தாமல் பின்னால் நிறுத்த வேண்டும். பென்சீன், டொலுவீன், ஃபீனால் போன்று நீரில் உண்மையாகவே கரைந்துவிட்டவற்றை எண்ணெய் திரட்டும் ரெசின் பிடிக்காது. அங்கே கரியோ, கரைந்த பொருளைத் தன் பரப்பில் பிடிப்பதற்கென்று செய்யப்பட்ட நுண்துளை ரெசினோதான் உதவும். எண்ணெய் வயல்களில் வால்நட் ஓட்டுத் துருவலை வடிகட்டும் படுகையாகப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பேக்வாஷ் செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். பென்டோனைட் களிமண்ணில் மேலே சொன்ன அதே நான்கிணைய அம்மோனியம் சேர்மத்தை ஏற்றிய கரிமக் களிமண்ணும் உண்டு. அது எண்ணெயைத் தேக்கி வைப்பது, ஆகவே நிரம்பியதும் மாற்ற வேண்டும்.

கேள்வி: ஒரே நாளில் எடுத்த எங்கள் கழிவுநீருக்கு ஓர் ஆய்வகம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் எண்ணெய் என்றும் மற்றொன்று 19 என்றும் அறிக்கை தருகின்றன. எதை நம்பி ரெசின் தொட்டியின் அளவை முடிவு செய்வது?
(கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய மேற்பார்வையாளர், ராணிப்பேட்டை)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நம் நாட்டின் பொது விதிப்படி ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பொதுச் சாக்கடைக்கு வரம்பு 20. உங்கள் இரு அறிக்கைகளில் ஒன்று முதல் வரம்பைத் தாண்டுகிறது, மற்றது தாண்டவில்லை.

எண்ணெய் என்ற தனி ஒரு சேர்மம் கிடையாது என்பதால், அளக்கும் முறைதான் அளவை நிர்ணயிக்கிறது. வழக்கமான முறையில் நீரை அமிலமாக்கி, ஹெக்சேன் கொண்டு சாறெடுத்து, ஹெக்சேனை ஆவியாக்கிய பின் எஞ்சுவதை நிறுக்கிறார்கள். ஆவியாகும்போது பெட்ரோல் போன்ற இலேசான பகுதிகளும் சேர்ந்து போய்விடும். அவை கணக்கில் வாரா. மாறாக, அமிலம் சேர்க்கும்போது சோப்பு கொழுப்பமிலமாக மாறிச் சாற்றில் சேர்ந்து எண்ணெயாகவே எண்ணப்படும். தோல் தொழில் மிகுந்த உங்கள் பகுதியில் விலங்குக் கொழுப்பும் இதில் வந்து சேரும். சாற்றைச் சிலிக்கா ஜெல்லுடன் கலக்கினால் கொழுப்பும் கொழுப்பமிலமும் அதில் ஒட்டிக்கொள்ள, பெட்ரோலியப் பகுதி மட்டும் மிஞ்சும். இரு ஆய்வகங்களிடமும் எந்த முறை, சிலிக்கா ஜெல்லுக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுப்பதிலும் பிழை நேரும். பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் எண்ணெய் படிந்துவிடும். அகன்ற வாயுள்ள கண்ணாடி பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். விளிம்பு வரை நிரப்பாமல், வழியவிடாமல், நீரோட்டம் நன்கு கலக்கும் இடத்தில் நேராகப் பிடித்து, உடனே அமிலம் சேர்த்துக் குளிரில் வைக்க வேண்டும். ஆய்வகம் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு பகுதியை ஊற்றி அளக்கக் கூடாது. முழு நீரையும் எடுத்து, காலி பாட்டிலையும் ஹெக்சேனால் அலசிச் சேர்க்க வேண்டும்.

ரெசின் தொட்டியின் அளவுக்கு இந்த எண் மட்டும் போதாது. ஒரு கண்ணாடிக் குடுவையில் உங்கள் கழிவுநீரை ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்து, அடியிலிருந்து எடுத்த நீரை மீண்டும் சோதியுங்கள். எண் வெகுவாகக் குறைந்தால் உங்களுக்கு வேண்டியது நல்ல பிரிப்புத் தொட்டியே. குறையாமல், நீரும் கலங்கலாகவே இருந்தால், இயன்றால் துளி அளவுப் பரவலை அளந்து பாருங்கள். துளிகள் பெரும்பாலும் ஐந்து மைக்ரானுக்கு மேல் இருந்து, சோப்பும் குறைவாக இருந்தால் ரெசின் பொருந்தும். அப்போதும் முழுத் தொட்டியை வாங்குவதற்கு முன், கையகல விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் விற்பனையாளரின் ரெசினை நிரப்பி, உங்கள் சொந்தக் கழிவுநீரைக் கொண்டு, பல வாரங்கள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உற்பத்தி மாறும் நாட்களும் தரை கழுவும் நாட்களும் அந்தக் காலத்துக்குள் அடங்கியிருக்கட்டும்.